வடிவு நம்பாத குரல்

எங்கள் மலையில் வடிவக்காவை ஏமாற்றியவர் என்று யாரும் கிடையாது. ஆனால் ஏமாற்றத்தான் வந்திருக்கிறார் என்று அவள் சந்தேகப்படாத ஆளும் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மைக் செட் வைத்திருப்பவன் நான். பெயர் ஜீவானந்தம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் குழாய்தான் கத்தும். இருபத்தாறு வருடத் தொழில். ஒருநாள் வடிவக்கா கடைக்கு வந்தாள். அவள் மகள் அன்பரசியின் கல்யாணத்துக்கு நான் கட்டிய குழாய்களில் ஒன்று ஏன் பக்கத்து ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அந்த ஊர்க்காரன் எனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டாள். கல்யாணம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது! எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் எறிந்தேன்.

"காத்து அடிச்சுதுக்கா, குழாய் திரும்பிக்கிச்சு!"

"காத்து சும்மா அடிக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் பிறந்தது காவலூர்ப் பக்கம். அங்கே நட்சத்திரம் பார்க்கும் பெரிய வெள்ளைக் கூண்டுகள் இருக்கின்றன. மலையில் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வடிவக்கா மட்டும், "ராத்திரி முச்சூடும் வானத்தைப் பாக்கறாங்க, சரி. பகல்ல அந்தக் கண்ணாடிய வெச்சிகினு யாரைப் பாக்கறாங்க?" என்பாள். சின்ன வயதில் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்களாம். கூப்பிட்டதே சந்தேகமாக இருக்கிறது என்று போகவில்லை.

கட்டிக்கொண்டது எங்கள் ஊர் ராஜாக்கண்ணுவை. சாமையும் புளியும் உண்டு, இரண்டு பலா மரம் உண்டு. வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனுஷன். "அவரை ஏன்க்கா சந்தேகப்படறதே இல்ல?" என்று ஒருமுறை கேட்டேன். "பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் பேசணும் இல்ல ஜீவா?" என்றாள். கடையில் உப்பு வாங்கினாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். உப்பில் என்ன வாசனை வரும் என்று கடைக்காரன் கேட்டால், "அதான் நானும் பாக்கறேன்" என்பாள்.

இப்படிப்பட்டவளை ஊர் ஏன் சகித்துக்கொண்டது என்றால், அவள் குரல். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது வடிவக்கா ஒரு பாட்டை எடுத்தால், எதிர்ச் சரிவில் மாடு மேய்ப்பவன்கூட நின்று கேட்பான். எங்கள் பக்கம் தனியாகப் பாடும் வழக்கம் இல்லை. ஒருத்தி எடுக்க வேண்டும், இன்னொருத்தி வாங்க வேண்டும். வடிவக்கா எடுப்பதை வாங்குகிறவள் மணியம்மாள். அடுத்தடுத்த வீடு, ஒரே வயசு. இருபது வருடம் ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி கீழே விடாமல் வாங்கினாள்.

அதையும் வடிவக்கா ஒருநாள் முறித்துக்கொண்டாள். ஏழு வருடத்துக்கு முன்னால் போளூரிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது டிரைவர் ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார். தடதடவென்று மேளம், நடுவில் ஒரு பெண் குரல், எங்கள் களையெடுப்புப் பாட்டு! அதற்கு ஒரு வருடம் முன்னால் யாரோ சிலர் வேனில் வந்து, கொல்லையில் இருவரையும் நிற்க வைத்து, செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பாடச் சொல்லிப் பதிந்துகொண்டு போயிருந்தார்கள். பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் வேறு யாரும் இல்லை. அவள் கேட்டதில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அது மணியம்மாள் குரல் என்று வடிவக்கா அடித்துச் சொன்னாள். தன்னைக் கழற்றிவிட்டு, மணியம்மாள் திருட்டுத்தனமாகக் கீழே போய்த் தனியாகப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தாள் என்பது அவள் கட்சி.

"சாமி சத்தியமா நான் போவலடி," என்றாள் மணியம்மாள்.

"சத்தியம் பண்றவதான் போயிருப்பா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. வேறு எந்தப் பெண்ணும் வடிவக்காவோடு பாட வரவும் இல்லை. நாளைக்கு நம்மையும் ஏதாவது சொல்லுவாள் என்ற பயம். வாங்குவதற்கு ஆள் இல்லாமல் எடுத்து என்ன பண்ணுவது? வடிவக்கா வாயை மூடிக்கொண்டு களை எடுத்தாள். பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் போய் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால், எதற்குச் சொல்கிறாய் என்று கேட்பாள்.

ஆறு வருடம் இப்படிப் போன பிறகுதான் நவீன்குமார் வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான். திருப்பத்தூரில் கல்லூரி முடித்தவன், பம்பை அடிப்பான். குழல் ஊதும் சுரேஷையும் சேர்த்துக்கொண்டு 'சாமைக்கொல்லை' என்று ஒரு பாட்டுக்குழு ஆரம்பித்தான். வடிவக்காவிடம் வந்து பாடக் கேட்டபோது, அவள் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் போனாள். வேறு எங்கே போவாள்? அவள் பாட்டுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். அந்த இடமும் போனால் சாகும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரு வருடம் நன்றாகத்தான் போயிற்று. பம்பை, குழல், வடிவக்கா. நாலு ஊர்த் திருவிழாவில் பாடினார்கள். எல்லாம் என் மைக்கில்தான். அதற்குப் பிறகு நவீனுக்கு ஆசை வந்தது. பாட்டு மெல்லிசாக இருக்கிறதாம், இன்னும் அடர்த்தி வேண்டுமாம், கேட்கிறவன் அதற்குள்ளே நடந்து போகிற மாதிரி இருக்க வேண்டுமாம். வாணியம்பாடியிலிருந்து தானிஷ் என்ற பையனைக் கூட்டி வந்தான். வீட்டில் தோல் வியாபாரம், இவனுக்கோ எலெக்ட்ரிக் கிடார். ஆலங்காயம் வழியாக பைக்கில் மலை ஏறி வருவான். முதுகில் கிடார், பின்னால் ஒரு பெரிய பெட்டி. பெட்டியைத் திறந்தால் காலால் மிதிக்கிற சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசையாக இருக்கும். கூடவே சொந்த ஸ்பீக்கரும் கொண்டு வந்தான்.

என் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, "அண்ணே, இதுல கீழ் சத்தம் வராதுண்ணே," என்று மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, வயிறு நன்றாகவே எரிந்தது.

பழைய புளிக் கோடவுன் ஒன்றில் பயிற்சி நடந்தது. சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினார்கள். வடிவக்கா என்னிடம் வந்து, "பாட்டு நாலு பேர் கேக்கத்தானே? ஊருக்குக் கேக்கக்கூடாதுன்னு இன்னாத்துக்கு அட்டை ஒட்றாங்க?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் அன்றைக்குப் பட்டது.

நான் ஒருநாள் போய்க் கேட்டேன். தானிஷ் கிடாரை மீட்டி ஒரு டப்பாவை மிதித்தான். அந்த ஒரு மீட்டு அடங்கவே இல்லை. நீண்டது, விரிந்தது, மார்கழியில் பள்ளத்துக்குள் பனி இறங்குகிற மாதிரி கோடவுன் முழுக்க இறங்கி நின்றது. சுரேஷ் குழலை விட்டுவிட்டுக் கீபோர்டில் இரண்டு விரலை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தான். அதற்கு அடியில் நவீனின் பம்பை எங்கோ தூரத்தில் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. புல்லரித்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

பிறகு வடிவக்கா ஒரு அடி பாடினாள். தானிஷ் இன்னொரு டப்பாவை மிதித்தான். அவள் நிறுத்திய பிறகும் அந்த அடி திரும்ப வந்தது. மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. வடிவக்கா ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரது?" என்றாள்.

"நீங்கதான்க்கா," என்றான் தானிஷ். "இப்போ பாடினீங்க இல்ல, அதைப் பிடிச்சு வெச்சுத் திருப்பிப் பாடுது. ஊர்ப் பொம்பளைங்க பத்துப் பேர் சேந்து வாங்கறாப்ல நிறைவா கேக்கும் பாருங்க."

"இது என் குரல் இல்ல."

"அல்லா மேல சத்தியமா உங்க குரல்தான்க்கா!"

சத்தியம் செய்ததுதான் அவன் செய்த தப்பு.

அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஜீவா, அந்தப் பொட்டிக்குள்ள கீறது மணியம்மா," என்றாள். "பஸ்ஸுல கேட்டேனே, அதே குரல். அதே இழுப்பு. எனக்குத் தெரியாம அவளைக் கூப்ட்டுப் பதிஞ்சு வெச்சிகினு கீறாங்க. நான் இன்னா பாடினாலும் அவ திருப்பிப் பாடறா. கொஞ்ச நாள் போனா, நீ வூட்டுக்குப் போக்கான்னுடுவாங்க. நீ மைக்கு தெரிஞ்சவன். சொல்லு, அப்படிப் பண்ண முடியுமா முடியாதா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். தன் குரலை முதன்முதலாகப் பதிவில் கேட்கிற யாரும் அதைத் தன் குரல் என்று ஒப்புக்கொள்வதில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! கட்சிக்காரர், பூசாரி, பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும், "இது நான் இல்லப்பா, வேற யாரோ" என்பார்கள். நாம் பேசும்போது நம் மண்டைக்குள்ளிருந்து கேட்பது வேறு, வெளியே போய்த் திரும்பி வருவது வேறு. இதை அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். என் செல்போனில் பதிந்து காட்டியிருக்கலாம்.

நான் செய்யவில்லை. அந்தப் பையன் என் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "யாரைப் பதிஞ்சாலும் அதுல வெச்சிக்கலாம்க்கா," என்றேன். "பொட்டிக்காரன நம்பாத." முதலில் சொன்னது பொய்யில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. நான் பேசியது அயோக்கியத்தனம்.

"நினைச்சேன்," என்றாள் வடிவக்கா. "இருக்கட்டும். கோடை விழா வருது இல்ல, வரட்டும்."

அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மனைவி ராணியம்மாள் சொன்னாள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் ஆண்கள் வாசலில் நின்று பறை அடிப்போம், பெண்கள் உள்ளே பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். பறைச் சத்தத்தில் உள்ளே பாடுவது வாசலுக்குக் கேட்காது. பிணத்தை வெளியே எடுக்கும்வரை ஆண்கள் உள்ளே போவதும் இல்லை. ஆக, அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று இந்த மலையில் எந்த ஆணுக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகத் தெரியாது.

அந்தப் பாட்டுக்கு மூன்று கட்டுப்பாடு உண்டாம். முதல் இரண்டு அடி பொதுவாக இருக்கும், மூன்றாம் அடியில் செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வராமல் பாட்டு நின்றால், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருத்தி எழுந்து, "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட பிறகும் பெயர் வராவிட்டால், அந்தப் பாட்டு கேட்டவள் வீட்டுக்கே உயிர் எடுக்கப் போகும். இது முதலாவது. பெயர் வந்துவிட்டால், அங்கே இருக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியும் செத்தவரைப் பற்றி ஒரு அடியாவது பாட வேண்டும். இது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரியது: அதில் பொய் பாடக் கூடாது. நல்லது கெட்டது எதுவானாலும் நடந்ததைத்தான் பாட வேண்டும். பொய் பாடினால் நாக்கு அழுகும்.

வடிவக்கா அந்த மெட்டைத்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் போட்டாள். முதல் இரண்டு அடி மட்டும்.

*சாமை வெளஞ்ச கொல்லை சாஞ்சு கெடக்குதம்மா*
*காவலுக்கு ஆளில்லாம காத்து மேயுதம்மா*

"இது இன்னா பாட்டுக்கா?" என்று நவீன் கேட்டிருக்கிறான். "களை எடுக்கறப்ப பாடறது," என்றிருக்கிறாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய் அக்கா என்று குதித்தானாம். தானிஷ் அதை மெதுவாக்கி, கிடாரை இழைத்து, அடுக்கடுக்காகக் கட்டினான். பன்னிரண்டு நிமிஷப் பாட்டு. விழாவில் முதல் பாட்டு இதுதான் என்று முடிவு செய்தார்கள். சந்தோஷமாக வேலை செய்தார்கள் பாவம். வடிவக்காவின் கணக்கு இதுதான்: விழாவில் மலைப் பெண்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். நல்ல நாளில் சாவுப் பாட்டைக் கேட்டால் விடுவார்களா? பெட்டியையும் பெட்டிக்காரனையும் மேடையிலிருந்து விரட்டி அடிப்பார்கள். தன்னைக் கேட்டால், நான் களையெடுப்புப் பாட்டுதான் பாடினேன், பொட்டிதான் மாற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு பழையபடி பம்பையும் குழலும் தானும் மட்டும்.

கோடை விழா அன்று மத்தியானத்திலிருந்தே கூட்டம். பலாப்பழம் விற்கிறவர்கள், தேன் விற்கிறவர்கள், கீழேயிருந்து படவேடு வழியாக பைக்கில் வந்த பையன்கள். முன்னால் விரித்த ஜமக்காளத்தில் எங்கள் ஊர்களின் பெண்கள். அவர்களில் மணியம்மாளும் இருந்தாள். அவளுடைய மருமகளுக்கு நிறைமாதம், வீட்டிலே விட்டுவிட்டு வந்திருந்தாள். பாடுகிறவர்களின் மைக்கெல்லாம் என் பொறுப்பு, மேடைக்குப் பக்கத்தில் என் மிக்ஸரோடு உட்கார்ந்திருந்தேன். கிடாருக்குத் தானிஷின் ஸ்பீக்கர்.

நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். சுரேஷ் கீபோர்டை அழுத்தினான். கிடார் மெதுவாகக் கவிந்தது. கூட்டத்தில் பேச்சு அடங்கியது. வடிவக்கா மைக் முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு அடியைப் பாடினாள். தானிஷ் மிதித்தான். பாட்டு திரும்ப வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஊரே ஒப்பாரி வைக்கிற மாதிரி வந்தது. பைக்கில் வந்த பையன்கள் விசில் அடித்தார்கள்.

ஜமக்காளத்தில் ஒரு பெண்கூட அசையவில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். விரட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. வடிவக்கா நினைத்தது எதுவும் நடக்கவில்லை. அவர்களுக்குப் பெட்டியும் தெரியவில்லை, பெட்டிக்காரனும் தெரியவில்லை. சாவுப் பாட்டு எடுத்தாகிவிட்டது, பெயர் வரவில்லை, அது மட்டும்தான் தெரிந்தது. பாட்டு நாலு தரம் திரும்பியது, ஐந்து தரம் திரும்பியது. யாராவது ஒருத்தி எழுந்து கேட்டாக வேண்டும். கேட்கிறவள் வீட்டுக்குத்தான் ஆபத்து. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

மணியம்மாள் எழுந்தாள்.

"யாருக்குடி?" என்றாள். மைக் இல்லாமலே மேடைவரைக்கும் கேட்டது. "யாரு வூட்டுச் சாவுடி இது? பேரைச் சொல்லு!"

வடிவக்கா கண்ணைத் திறந்தாள். கேட்டது யார் என்று பார்த்தாள். சொல்லாமல் விட்டால் போதும். ஏழு வருடமாக யாரைக் கரித்துக்கொட்டினாளோ, அவள் வீட்டுக்குத்தான் பாட்டு போகும். அங்கே நிறைமாதப் பெண் படுத்திருக்கிறது. மேடையில் நவீன் ஒன்றும் புரியாமல் பம்பையை அடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

வடிவக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் அடியைப் பாடினாள்.

*வடிவு போனாளம்மா வாய்மூடிப் போனாளம்மா*

தன் பெயரைச் சொல்லிவிட்டாள்! உயிரோடு நிற்கிறவள், தன் சாவைத் தானே பாடிவிட்டாள். பெண்கள் பக்கமிருந்து, "ஐயையோ!" என்று ஒரு குரல் வந்தது. மணியம்மாள் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள்.

பெயர் வந்த பிறகு பாட்டை நிறுத்த முடியாது. பெண்கள் நகர்ந்து நகர்ந்து வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டார்கள். நவீனுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. பம்பையிலிருந்து கையை எடுத்துவிட்டான். பறை இல்லாமல் அந்தப் பாட்டை இந்த மலையின் ஆண்கள் கேட்டது அன்றுதான். நான் எழுந்தேன். ஒரு மைக்கைக் கழற்றிக் கொண்டுபோய் வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. கை தானாகச் செய்தது.

முதலில் பாடியவள் என் மனைவி.

*உப்ப மோந்து பாத்து வாங்கும் உத்தமியே*
*ஊர நம்பாம ஒறங்காத கண்ணாளே*

நாலைந்து பேருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வடிவக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். செத்தவள் பதில் பேசக் கூடாது அல்லவா, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அடுத்து தேவயானி என்ற பெண் பாடினாள். எப்போதோ ஒரு மழை நாளில், பஸ் ஓடாதபோது, ஜுரத்தில் கிடந்த அவள் பிள்ளையை வடிவக்கா வைத்தியத்துக்கு மலையடிவாரத்து அமிர்திவரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாளாம். ஊரில் யாருக்கும் தெரியாது. வடிவக்காவும் யாரிடமும் சொன்னதில்லை. நான் வடிவக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எது சொன்னாலும், எதற்குச் சொல்கிறாய் என்று கேட்கிறவள், இன்று கேட்க முடியாமல் நின்றாள். பொய்யாகவும் இருக்க முடியாது. நாக்கு அழுகும். கண்ணீர் அவள் தாடையில் வழிந்து மைக்கில் சொட்டியது.

மணியம்மாள் முறை வந்தது.

*ஒத்தக் கொரலாட்டம் ஒண்ணாப் பொறந்தாப்ல*
*ஒன்னை விட்டுத் தனியா ஓரடியும் பாடலையே*
*பஸ்ஸுல பாடினது பாவி நானில்லடி*
*பழியச் சொமந்தேன்டி ஏழு வருசமா*

பாடிவிட்டு மணியம்மாள் முகத்தை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். தானிஷ் என்ன செய்வது என்று தெரியாமல் கிடாரைக் கட்டிக்கொண்டு நின்றான். பெட்டியை நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை. அது பாடிக்கொண்டே இருந்தது. சாமை வெளஞ்ச கொல்லை, சாஞ்சு கெடக்குதம்மா. அதே குரல், அதே இழுப்பு.

வடிவக்கா ஸ்பீக்கரைப் பார்த்தாள். கீழே மணியம்மாளைப் பார்த்தாள். மணியம்மாளின் வாய் மூடியிருந்தது. மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"ஜீவா. இது யார் குரல்?"

இந்தத் தடவை நான் மழுப்பவில்லை. "உன் குரல்தான்க்கா. அன்னிக்கே எனக்குத் தெரியும். யாருக்கும் தன் குரல் தனக்கு அடையாளம் தெரியாதுக்கா. நான்தான் சொல்லல. என்னை மன்னிச்சுடு."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலாம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போய் வட்டத்துக்குள் நுழைந்தாள். மணியம்மாள் எதிரில் தொப்பென்று உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தாள்.

"மணி, அப்போ பஸ்ஸுல நான் கேட்டது என்னையேதானாடி?"

மணியம்மாள் வடிவக்காவின் வாயைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். அவள் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"பேசாதடி," என்றாள். "நீ செத்துட்ட. இன்னும் நாலு பேர் பாடணும்."